பதினைந்து ஆண்டு மௌனம்: 'பொன்னியின் செல்வ'னுக்குப் பிறகு என்ன நடந்தது?



"நீங்க ஹிஸ்டரி படிச்சவர் சார், நம்ம வட்டாரத்தைப் பத்தி ஒரு கட்டுரை குடுங்க" என்று மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. நான் வரலாறு படித்தவன் என்பது உண்மைதான். படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்பதும் உண்மை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருஷம் போல்ட்டு நட்டுக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் இந்தக் கல்லூரியில் தொடங்கிய ஒரு கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு கையெழுத்துப் பத்திரிகையின் கதை

1980இல் நாங்கள் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. எங்கள் வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே ஒரு பிரதிதான். அது விடுதி அறைக்கு அறை கைமாறிக் கடைசியில் எண்ணெய்ப் பிசுக்கோடு திரும்பி வரும். அதில் என் நண்பன் ஒருவன் தொடர்கதை எழுதினான். அவனுக்கு எழுத்து வரும், கையெழுத்து வராது. எனக்கு நேர்மாறு. ஆகவே அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். (பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இந்தக் கட்டுரைக்கு அவன் சம்மதித்தான். எனவே 'நண்பன்' என்றே சொல்லிப் போகிறேன்.)

அந்தத் தொடர்கதை வேறொன்றுமில்லை, 'பொன்னியின் செல்வ'னின் தொடர்ச்சி!

கல்கியின் அந்த மாபெரும் நாவல் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை வாராவாரம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார். கதை முடிந்ததும், 'பிறகு என்ன ஆச்சு?' என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. அத்தனை பெரிய கதையை ஐந்து பாகம் எழுதிய பிறகும் ஜனங்களுக்குப் போதவில்லை. எங்களுக்கும்தான் போதவில்லை. அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற கூட்டம் முழுசாகப் பிடிபடவில்லை. அருள்மொழி கைக்கு வந்த மகுடத்தைச் சித்தப்பா உத்தம சோழனுக்குக் கொடுத்துவிட்டான். அப்புறம்?

அப்புறம் நடந்ததை நண்பன் எழுதினான். அருள்மொழி பட்டத்துக்கு வந்து ராஜராஜன் ஆகிறான், குதிரையேறிப் போகிறான், ரவிதாஸனைப் பிடிக்கிறான், நடுச் சந்தியில் தலையைக் கொய்கிறான். ஜனங்கள் ஆரவாரம் செய்கிறார்கள். விடுதியும் ஆரவாரம் செய்தது. பத்திரிகை எப்படியோ எங்கள் பேராசிரியர் கைக்குப் போய்விட்டது. அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் சிவப்பு மசியில் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: "எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?"

நண்பனுக்கு மகா கோபம். "கதை எழுதறவன்கிட்ட கல்வெட்டு கேக்குறாரே!" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் எங்கள் ஏழு பேரை அரக்கோணம் லோக்கலில் ஏற்றித் திருவாலங்காட்டுக்கு அழைத்துப் போனார்.

தொடர்ச்சி எழுதுவது புதிதல்ல

அந்தப் பயணத்துக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. பெரிய நூலுக்குத் தொடர்ச்சி எழுதுவது ஏதோ சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த வழக்கம் என்று இளைய தலைமுறை நினைக்கக் கூடாது. நம்மிடம் அது காப்பிய காலத்திலேயே இருந்தது. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் சிறுமியாக இருந்தவளைச் சீத்தலைச் சாத்தனார் தம் காப்பியத்தின் நாயகியாக்கி 'மணிமேகலை' என்று பெயரும் வைத்தார். 'இரட்டைக் காப்பியங்கள்' என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்ட இடத்திலிருந்து ஒட்டக்கூத்தர் உத்தர காண்டம் பாடினார் என்பது நம் மரபு. மேல்நாட்டிலும் உண்டு. மார்கரெட் மிட்சல் 1936இல் எழுதிய 'கான் வித் த விண்ட்' நாவலுக்குத் தொடர்ச்சி எழுத அவர் கடைசிவரை இசையவில்லை. 1949இல் அவர் இறந்து, வெகுகாலம் கழித்து 1991இல் அலெக்சாண்ட்ரா ரிப்லி என்ற பெண்மணி 'ஸ்கார்லெட்' என்று அதன் தொடர்ச்சியை எழுதினார்.

பொன்னியின் செல்வனுக்கு அப்படித் தொடர்ச்சி எழுதத் துணிந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் விக்கிரமன். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக 'அமுதசுரபி' ஆசிரியராக இருந்து 2015இல் மறைந்தவர். அவருடைய 'நந்திபுரத்து நாயகி' அமுதசுரபியில்தான் தொடராக வந்தது. நந்திபுரம் என்பது பழையாறைக்கு இன்னொரு பெயர். நாயகி என்றால் குந்தவைப் பிராட்டி. கல்கி முடித்த இடத்திலிருந்து, உத்தம சோழர் காலத்துக் கதையை அவர் எடுத்துக்கொண்டார். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' ராஜேந்திர சோழனின் கதை. நேரடித் தொடர்ச்சி இல்லையென்றாலும் அதில் வயதான வந்தியத்தேவரைப் பார்க்கிறபோது பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி இருக்கும். 1963இல் அதற்குச் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. பாலகுமாரன் 'உடையார்' என்று ஆறு பாகத்தில் பெரிய கோயில் கட்டிய கதையை எழுதினார். அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இருந்த தடை ஒன்றுதான். அது என்ன என்பதைத் திருவாலங்காட்டில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

செப்பேடு சொன்னதும் சொல்லாததும்

திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கிச் சில மைல் நடந்து ஊருக்குப் போனோம். ஆடல்வல்லானின் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை அங்கே இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தலையாலே நடந்து வந்து சேர்ந்த தலம். கோயிலைச் சுற்றிவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்ததும் பேராசிரியர் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

1905ஆம் ஆண்டு இந்த ஊரில்தான் சோழர் செப்பேடுகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று கிடைத்தது. 31 ஏடுகள். வளையத்தில் கோத்து ராஜேந்திர சோழனின் முத்திரை போட்டது. அவனுடைய ஆறாம் ஆட்சியாண்டில், பக்கத்திலுள்ள பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்த தானத்தைச் சொல்வது. (நீலி கதையில் வருகிற அதே பழையனூர்தான்!) தமிழ்ப் பகுதி ஐந்நூறு வரிக்கு மேல். வடமொழிப் பகுதி அதில் பாதி. தமிழ்ப் பகுதியில் தானம் கொடுத்த ஊரின் எல்லை விவரமாக இருக்கிறது. வடமொழிப் பகுதியில் சோழர் குலத்தின் வரலாறு வருகிறது. கல்கி உள்பட அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய யாரும் இந்தச் செப்பேட்டைத் தொடாமல் போனதில்லை.

"அதுல ஆதித்த கரிகாலன் சாவைப் பத்தி என்ன இருக்கு தெரியுமா?" என்று கேட்டார் பேராசிரியர். எங்களுக்குத் தெரியவில்லை.

வீரபாண்டியன் தலையை வெற்றித் தூணில் வைத்த ஆதித்தன், சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையால் இவ்வுலகத்தைவிட்டு மறைந்தான் என்ற கருத்தில் ஒரு சுலோகம். அவ்வளவுதான். கொலை என்ற பேச்சே இல்லை. பிறகு குடிமக்கள் அருள்மொழியை அரசாளக் கேட்டார்கள், சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை தான் மனசாலும் விரும்பமாட்டேன் என்று அவன் இருந்துவிட்டான் என்கிறது. அதற்கும் பிறகு, அருள்மொழியின் உடலில் திருமாலின் அடையாளங்களைக் கண்டு மதுராந்தகன், அதாவது உத்தம சோழன், அவனை இளவரசன் ஆக்கினான் என்கிறது.

"யோசிச்சுப் பாருங்க" என்றார் பேராசிரியர். "இது ராஜராஜனோட மகன் காலத்துச் செப்பேடு. அப்பாவோட கதையை மகன் சொல்ல வைக்கிறான். ஒரு கிராமத்து எல்லைக்குப் பக்கம் பக்கமா இடம் இருக்கு. பெரியப்பன் எப்படிச் செத்தான்ங்கறதுக்கு ஒரு சுலோகம். அதுலயும் பாதி மறைப்பு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செப்பேடும் ஒரு வகையில் தொடர்ச்சிக் கதைதான்! முன்னால் நடந்ததைப் பின்னால் வந்தவர் தமக்கு வேண்டிய மாதிரி எழுதியது.

உடையார்குடிக் கல்

செப்பேடு மறைத்ததை ஒரு கல் காப்பாற்றி வைத்திருந்தது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு அது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று பச்சையாகவே சொல்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பெயர்களும் இருக்கின்றன. அவர்களும் அவர்களுடைய உறவினரும் சொத்து இழப்பதைப் பற்றிப் பேசுகிறது. தலை வாங்கியதாக அதில் இல்லை. அந்த வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தில்தான், வீராணம் ஏரிக்கரையில்தான், கல்கி தம் நாவலையே ஆரம்பிக்கிறார் என்பதை நினைத்தால் சிலிர்க்கிறது. கொலைகாரர்களின் நிலம் இருந்த ஊரில் ஆடிப்பெருக்குக் கொண்டாட்டத்தோடு கதையைத் தொடங்கியிருக்கிறார்!

இனிக் கணக்குப் போடுவோம். (ஸ்டோர்ஸ் புத்தி போகாதல்லவா!) கொலை நடந்தது கி.பி. 970ஐ ஒட்டி. உத்தம சோழன் ஆட்சி 985 வரை. ராஜராஜன் பட்டமேறியது 985இல். கல்வெட்டு அவனுடைய இரண்டாம் ஆண்டு. ஆக, பட்டத்து இளவரசன் கொலையுண்டு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் குற்றவாளிகளின் பெயர் கல்லில் ஏறுகிறது. இடையில் என்ன நடந்தது? கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மீதே சந்தேகப்பட்டார். அவனுக்கு அதில் பங்கில்லை என்பாரும் உண்டு. அந்தக் கல்வெட்டை எப்படிப் படிப்பது என்பதிலேயே அறிஞர்களுக்குள் இன்றுவரை கருத்து வேற்றுமை இருக்கிறது.

இன்னொரு சேதியும் உண்டு. உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாகப் பல கல்வெட்டுகளில் வருகிறார். உத்தமனின் தாயார் செம்பியன் மாதேவியார் ராஜராஜன் காலத்திலும் கோயில் திருப்பணி செய்துகொண்டிருந்தார். பழி வாங்கிய குடும்பம் இப்படியா இருக்கும்? பகையை விழுங்கிய குடும்பமா? பகையே இல்லாத குடும்பமா? தெரிந்த செய்திகள் எல்லாம் கையில் இருந்தும் விடை இல்லாத கேள்வி இது.

இரட்டை விலங்கு

தொடர்ச்சி எழுதுகிறவருக்கு உள்ள தடை என்று மேலே சொன்னேனே, அது இதுதான். அவர் காலில் இரண்டு விலங்கு. ஒன்று வரலாறு, இன்னொன்று கல்கி. வரலாறு உத்தமனைச் சந்தேகிக்க இடம் கொடுக்கிறது. கல்கியோ உத்தமனைச் சேந்தன் அமுதனாக்கிவிட்டார். பூக்கட்டிச் சிவன் பணி செய்த அந்தச் சாதுவை, பூங்குழலியின் புருஷனை, எந்தத் தமிழ் வாசகன் கொலைகாரன் என்று ஒத்துக்கொள்வான்? அவன் அவ்வளவு நல்லவன் என்றால், அவன் ஆண்ட பதினைந்து ஆண்டிலும் ஆதித்தனுக்கு ஏன் நியாயம் கிடைக்கவில்லை? நல்லவன் ஆட்சியில் நியாயம் தாமதமாவதை எழுதுவது, கெட்டவன் ஆட்சியில் அநியாயம் நடப்பதை எழுதுவதைவிட நூறு மடங்கு கஷ்டம்.

கல்கி 'பார்த்திபன் கன'வை முதலில் எழுதிவிட்டு, அதற்கு முந்தைய தலைமுறையின் கதையாகச் 'சிவகாமியின் சபத'த்தைப் பிறகு எழுதினார். பின்னோக்கிப் போனார். பின்னோக்கிப் போகிறவருக்கு முடிவு தெரியும். முன்னோக்கிப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. விக்கிரமன் குந்தவையை நடுவில் நிறுத்தியது எவ்வளவு சரியான காரியம் என்று இப்போது தோன்றுகிறது. யுத்தத்துக்குப் போகிறவர்களுக்குப் பொழுது போய்விடும். பழையாறை அரண்மனையில் காத்திருந்தவள் அவள்தான். வரலாற்றிலும் அவள் பெயர் கொடையோடுதான் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவள் தந்த கொடைகள் கல்லில் இருக்கின்றன. அங்கேதான் அவள் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்ற செய்தியும் கிடைக்கிறது. தந்தை சுந்தர சோழர் பெயரில் நடந்த ஆதுலசாலைக்கு, அதாவது ஆஸ்பத்திரிக்கு, அவள் நிலம் கொடுத்தாள். அண்ணனைப் பறிகொடுத்தவள் பிறர் நோய் தீர்க்க வழி செய்திருக்கிறாள்.

நண்பனின் இரண்டாவது நோட்டு

திருவாலங்காட்டிலிருந்து திரும்பிய பிறகு நண்பன் எழுதுவதை நிறுத்திவிட்டான். "செத்தவனுக்கு நியாயம் கிடைச்சுதுன்னு எழுதக்கூட விடமாட்டாங்க போலிருக்கு" என்றான். பத்திரிகையும் நின்றது. படிப்பு முடிந்தது. நான் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன்.

1984இல் நண்பனின் அண்ணன் வேலை பார்த்த இடத்தில் ஒரு விபத்தில் இறந்துபோனார். அது எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். முப்பது வயசுகூட நிறையவில்லை. நஷ்டஈட்டு வழக்கு நடந்தது. வாய்தா, வாய்தா, வாய்தா. அவர் அன்றைக்கு ஷிப்ட்டிலேயே இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. கூட வேலை பார்த்தவர்களில் சாட்சி சொல்ல வந்தவர் ஒருவர்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நண்பன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போவான். மற்ற நாளில், அந்த ஆலையில் வேலை பார்க்கும் அதே மனிதர்களோடுதான் ஊரில் டீக்கடையில் உட்கார வேண்டும், கல்யாணம் காட்சிக்குப் போக வேண்டும். தீர்ப்பு வந்தபோது பதிமூன்று வருஷம் ஓடிவிட்டது. ஒரு தொகை கொடுக்கச் சொன்னார்கள். யார் மேலும் குற்றம் இல்லை.

அதற்குச் சில மாதம் கழித்து, பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு நோட்டு. பழைய தொடர்கதையை மறுபடி எழுதியிருந்தான். கையெழுத்து அப்படியேதான், கோழி கிளறின மாதிரி. ஆனால் கதை மாறியிருந்தது. ரவிதாஸனின் தலை உருளவில்லை. குதிரையே இல்லை. ஆண்டுக்கு ஓர் அத்தியாயம், பதினைந்து அத்தியாயம். ஒவ்வொன்றிலும் குந்தவை அண்ணனின் திதி நாளில் விளக்கேற்றுகிறாள். மறுநாள் சபையில் சித்தப்பா முன்னால் தலை வணங்குகிறாள். அவர் நல்லவர் என்று அவளுக்குத் தெரியும். நல்லவர் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் தெரியும். கடைசி அத்தியாயத்தில் ஒரு கல்தச்சன் உளியை எடுத்துப் பெயர்களை வெட்டத் தொடங்குகிறான். அதோடு கதை முடிகிறது.

"இப்ப நம்ம சார் கேட்டா நான் பதில் சொல்லுவேன்" என்றான் நண்பன். "எந்தக் கல்வெட்டுல இருக்குன்னா, இல்லாத இடத்துலதான் இருக்கு. பதினஞ்சு வருஷம் ஒண்ணும் நடக்கலைங்கறதை எழுதறதுதாண்டா கஷ்டம்."

ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்த நோட்டை நான் நல்ல கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்தேன். எங்கள் பேராசிரியருக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தோம். அவர் அதற்கு முன்பே போய்விட்டார். அந்தக் குறை எங்கள் இருவருக்கும் தீரவில்லை.

முடிவாக

2022லும் 2023லும் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகமாக வந்ததிலிருந்து என் பேரப் பிள்ளைகள்கூட, "தாத்தா, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். எழுபது வருஷத்துக்கு முன்னால் வாசகர்கள் கல்கியைக் கேட்ட அதே கேள்வி. தொடர்ச்சி எழுத உங்களில் யாருக்காவது ஆசை வந்தால் தாராளமாக எழுதுங்கள். முதல் நூலின் பாத்திரங்களைத் திரும்ப மேடையேற்றினால் மட்டும் அது தொடர்ச்சி ஆகாது. முதல் நூல் எதைச் சொல்லாமல் விட்டதோ அதற்கு எதிரே உட்கார்ந்து எழுதினால்தான் ஆகும். செப்பேடு அதைச் செய்யாமல் ஒரு சுலோகத்தில் தாண்டிப் போனது. கல் செய்தது, அதுவும் தாமதமாக.

அரக்கோணம் லோக்கலில் ஏறினால் திருவாலங்காடு கிட்டத்தான். செப்பேடு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டாலும் ஊர் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். நண்பனின் நோட்டின் ஒரு படியை, பெயர் போடாமல், நம் கல்லூரி நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். ஓரத்தில் சிவப்பு மசியில் எழுத இடம் விட்டே படி எடுத்திருக்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி!